முன்பே பெற்ற முதலுதவிச் சான்றிதழை ஏற்கலாமா?

இளைஞர் குழுக்களில் தன்னார்வலர்களாகப் பணியாற்றுவோரும் அவர்களை ஒருங்கிணைப்போரும் எழுதிய கடிதங்களில், வேறு எங்கோ முதலுதவி கற்றுச் சான்றிதழ் வைத்திருப்பவரைக் குழுவில் அப்படியே ஏற்றுக்கொள்ளலாமா என்ற கேள்விதான் இந்த முறை மீண்டும் மீண்டும் வந்திருந்தது. எனவே இந்த இதழின் பதில்கள் அனைத்தும் அதைப் பற்றியே அமைகின்றன.

கேள்வி: எங்கள் குழுவில் பெரியவர்கள் 14 பேர் தன்னார்வலர்களாக இருக்கிறோம். அவர்களில் ஆறு பேரிடம் ஏற்கெனவே ஏதோ ஒரு முதலுதவிச் சான்றிதழ் இருக்கிறது. ஒருவர் அலுவலகத்தில் பயிற்சி பெற்றவர், ஒருவர் நீச்சல் குளத்தில் உயிர்காப்பாளர், ஒருவர் செவிலியர். சான்றிதழ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அனைவரும் எங்கள் பயிற்சியை முதலிலிருந்து முடிக்க வேண்டும் என்பது நிர்வாகக் குழுவின் முடிவு. இதனால் இரண்டு பேர் விலகப்போவதாகச் சொல்கிறார்கள். எது நியாயம்?
— ஓர் இளைஞர் குழுவின் செயலாளர்

பதில்: உங்கள் நிர்வாகக் குழுவின் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த முடிவு சரியல்ல என்பதே என் கருத்து. தெரிந்ததையே மறுபடி கேட்டுக்கொண்டு ஒருவர் ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பதால் பிள்ளைகளின் பாதுகாப்பு கூடிவிடாது. அதேபோல, சான்றிதழ் என்று ஒன்று இருப்பதாலேயே அவரை ஏற்றுக்கொண்டாலும் பாதுகாப்பு கூடாது. நம் குழுவின் பிள்ளைகளுக்கு எது நேரக்கூடும், அதில் எதைச் சமாளிக்க இவர் ஏற்கெனவே பழகியிருக்கிறார், எது இன்னும் மீதமிருக்கிறது என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பார்த்து, அந்த மீதத்தை மட்டும் கற்றுத் தருவதே முறை.

அலுவலகத்தில் பயிற்சி பெற்றவரையே எடுத்துக்கொள்ளுங்கள். பணியிட முதலுதவிப் படிப்புகள் வேலை செய்யும் பெரியவர்களை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. பிரிட்டனில் அவசர முதலுதவிக்கான பணியிடப் படிப்பு ஒரு நாள், அதாவது குறைந்தது 6 மணி நேரம். முழுப் படிப்பு மூன்று நாள், 18 மணி நேரம். சிறு குழந்தைகளைப் பராமரிப்போருக்கான முழுமையான குழந்தை முதலுதவிப் படிப்பு அங்கே தனியாக 12 மணி நேரம் நடத்தப்படுகிறது. பெரியவர்களுக்கானதைக் கற்றால் குழந்தைகளுக்கானதும் தானாக வந்துவிடும் என்றால் இப்படித் தனிப் படிப்பு ஒன்று தேவைப்பட்டிருக்காது.

வேறுபாடு எங்கே இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கு இதயத் துடிப்பு திடீரென நின்றால் பெரும்பாலும் கோளாறு இதயத்திலேயே இருக்கும். குழந்தைகளுக்கோ பெரும்பாலும் முதலில் மூச்சு தடைப்பட்டு, அதன் விளைவாகவே இதயம் நிற்கிறது. ஆகையால் பெரியவர் ஒருவருக்கு மார்பு அழுத்தம் மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பதுகூடப் பயன் தரும் என்றாலும், குழந்தைக்கு மூச்சு ஊதுவதை விட்டுவிடுவது பேரிழப்பாகும். ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் குழந்தைக்கு முதலில் 5 மூச்சு ஊதிவிட்டு அழுத்தத்தைத் தொடங்கச் சொல்வது இதனால்தான். பெரியவருக்கு மார்பு 5 முதல் 6 சென்டிமீட்டர் வரை அமிழ வேண்டும். குழந்தைக்கு அதன் மார்பின் கனத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகம் மட்டும் இருவருக்கும் ஒன்றே. அலுவலகப் பயிற்சியில் பெரியவர் அளவுப் பொம்மையை மட்டுமே அழுத்திப் பழகியவர் சிறு பிள்ளையின் மார்பின் மேல் கை வைத்ததும் ஒரு கணம் தயங்குவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். ஒரு கை போதுமா, இரண்டு கை வேண்டுமா என்ற அந்தத் தயக்கம் சிறு பிள்ளைப் பொம்மையோடு அரை மணி நேரம் பழகினால் போய்விடும்.

ஆகவே அவருக்கு முழுப் பயிற்சி தேவையில்லை. மயங்கியவரைப் பக்கவாட்டில் கிடத்துவது, இரத்தக் கசிவை அழுத்தி நிறுத்துவது, தீக்காயத்தைக் குளிர்ந்த ஓடும் நீரில் 20 நிமிடம் காட்டுவது ஆகியவை அவருக்குத் தெரிந்திருக்கும். செய்து காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு அவற்றை அப்படியே ஏற்கலாம். மீதமிருப்பவை குழந்தைக்கான உயிர்மீட்பு (மார்பை அழுத்தி மூச்சு ஊதும் சி.பி.ஆர். முறை), தொண்டையில் எதையாவது சிக்கவைத்துக்கொண்ட பிள்ளை, ஆஸ்துமா, கடும் ஒவ்வாமை, விளையாட்டில் தலையில் அடி, வெயிலாலும் குளிராலும் வரும் பாதிப்பு ஆகியவை. ஆம்புலன்ஸ் வந்து சேரத் தாமதமாகும் இடங்களில் முகாம் நடத்துவீர்களானால், உதவி வரும்வரை ஒரு பிள்ளையை நீண்ட நேரம் கவனித்துக்கொள்வது எப்படி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலுதவிப் பெட்டிக்குப் பத்தடி தூரத்திலும் மருத்துவமனைக்குப் பத்து நிமிடத் தொலைவிலும் இருப்பதாக எண்ணியே பணியிடப் பயிற்சிகள் நடக்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் அரை நாள் போதும்.

உயிர்காப்பாளருக்கு உயிர்மீட்பும் மூச்சு ஊதுவதும் நன்றாகவே கைவந்திருக்கும். தண்ணீரிலிருந்து தூக்கியவருக்கு மூச்சுதான் முதலில் என்பது அவர் பயிற்சியின் உயிர்நாடி. அவரிடம் உடைந்த எலும்பையும் வலிப்பையும் பற்றிக் கேளுங்கள். செவிலியரைப் பற்றி அடுத்த கடிதத்தில் பேசுகிறேன்.

என் அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நான் பொறுப்பிலிருந்த ஒரு குழுவில், ஆம்புலன்ஸில் பணிபுரிந்த ஒருவர் தன்னார்வலராக வந்தார். அவருடைய சான்றிதழின் தலைப்பு எங்கள் விதியில் எழுதியிருந்த தலைப்போடு பொருந்தவில்லை என்பதற்காக, தொடக்கநிலைப் பயிற்சியை முடித்துவிட்டு வரச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, சரி என்று சொல்லிவிட்டுப் போனார், திரும்பி வரவில்லை. அந்த ஆண்டு முகாமில் ஒரு சிறுமிக்குக் கை முறிந்தபோது, அவளருகில் ஓராண்டுக்கு முன் பயிற்சி பெற்ற நான் மண்டியிட்டிருந்தேன்; முக்கோணக் கட்டுத் துணியின் எந்த முனை எந்தப் பக்கம் வர வேண்டும் என்று இரண்டு முறை தடுமாறினேன். தினமும் அதைக் கட்டிக்கொண்டிருந்தவரைத் திருப்பி அனுப்பியவன் நான்.

கேள்வி: நான் 19 ஆண்டுகளாக மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். என் மகன் சேர்ந்திருக்கும் குழுவில் உதவச் சென்றபோது என்னையும் முதலுதவிச் செய்முறைக்கு வரச் சொன்னார்கள். உண்மையைச் சொன்னால் மனம் புண்பட்டது.
— ஒரு செவிலியர்

பதில்: அம்மா, உங்கள் வருத்தம் நியாயமானது, ஆனால் அந்த அழைப்பை உங்கள் படிப்பின் மீதான சந்தேகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நடப்பிலுள்ள தொழில்முறைப் பதிவும் அண்மைக்காலப் பணி அனுபவமும் கொண்ட செவிலியரிடமோ மருத்துவரிடமோ முதலுதவி அறிவைச் சோதிப்பது தேவையற்றது. குழு உங்களிடம் கேட்க வேண்டியது உங்கள் பதிவு செல்லுபடியில் இருக்கிறதா என்பதும், எந்தப் பிரிவில் பணியாற்றுகிறீர்கள் என்பதும்தான். குழந்தைகள் அவசரப் பிரிவில் இருப்பவரையும், பல ஆண்டுகளாக நிர்வாகப் பணியில் மட்டும் இருப்பவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பதை நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

மருத்துவமனைக்கும் மைதானத்துக்கும் இடையே இருக்கும் தூரம் வேறு. அங்கே ஆக்சிஜன் சுவரிலேயே இருக்கிறது, ஒரு பொத்தானை அழுத்தினால் உதவிக்கு ஆட்கள் ஓடி வருகிறார்கள், மருந்து தட்டில் தயாராக இருக்கிறது. இங்கே ஒரு தோள்பையும் ஒரு தொலைபேசியும், சுற்றிலும் பயந்து நிற்கும் இருபது பிள்ளைகளும்தான்.

நான் நடத்திய ஒரு செய்முறையில், உங்களைப்போலவே நீண்ட அனுபவம் உள்ள ஒரு செவிலியர் கலந்துகொண்டார். கடும் ஒவ்வாமைக்குப் போடும் அட்ரினலின் மருந்தை, ஆம்பூல் என்ற சிறு கண்ணாடிக் குப்பியை உடைத்துச் சிரிஞ்சில் ஏற்றி, கண்ணை மூடிக்கொண்டும் போடக்கூடியவர். ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் கையோடு வைத்திருக்கும், அதே மருந்து அடங்கிய தானியங்கி ஊசிப் பேனாவின் பயிற்சி மாதிரியை அவரிடம் கொடுத்தேன். அதை எழுதுகோல்போலப் பிடித்து, பின்முனை என்று எண்ணி ஊசி வெளிவரும் முனையின் மேலேயே கட்டைவிரலை வைத்தார். உண்மையான பேனாவாக இருந்திருந்தால் மருந்து பிள்ளையின் தொடையில் இறங்காமல் அவர் விரலில் இறங்கியிருக்கும். உலகெங்கும் பயிற்சி பெற்றவர்களும் செய்யும் பிழை இது. அவருடைய பணியிடத்தில் அந்தப் பேனாவைத் தொட வேண்டிய தேவையே வந்ததில்லை, அவ்வளவுதான். மூடியைக் கழற்றுவது, உள்ளங்கையில் முட்டியாகப் பிடிப்பது, தொடையின் வெளிப்புறத்தில் ஆடையின் மேலாகவே அழுத்திப் பிடிப்பது, பிள்ளையை எழுந்து நடக்கவிடாமல் கிடத்துவது, 5 நிமிடத்தில் தேறாவிட்டால் இரண்டாவது பேனாவை எடுப்பது என்று ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொண்டார். அதே மாலையில் மற்றவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான்.

இன்னொன்றும் உண்டு. குழுவில் நீங்கள் செவிலியராக அல்ல, முதலுதவி செய்யும் தன்னார்வலராகவே நிற்கிறீர்கள். பெற்றோரின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் மாத்திரை எதுவும் கொடுக்காதிருப்பது, கூடுமானவரை மற்றொரு பெரியவரின் கண்ணெதிரே பிள்ளைக்குச் சிகிச்சை தருவது, சிறு காயமானாலும் குறித்துவைத்துப் பெற்றோருக்குத் தெரிவிப்பது ஆகியவை குழுவின் விதிகள். இவற்றை எந்த மருத்துவப் படிப்பும் கற்றுத் தருவதில்லை. குழுவின் காப்பீடு எதுவரை உங்களைப் பாதுகாக்கும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் செய்முறைக்குப் போங்கள். அங்கே உங்களுக்குத் தெரியாத ஓரிரு விஷயங்களும், உங்களிடமிருந்து மற்றவர்கள் கற்க வேண்டிய பல விஷயங்களும் இருக்கும்.

கேள்வி: இணையத்தில் இரண்டு மணி நேரப் படிப்பு ஒன்றை முடித்துச் சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். எங்கள் குழு ஏற்க மறுக்கிறது. அதில் 100-க்கு 96 மதிப்பெண் எடுத்திருக்கிறேன்.
— ஒரு கல்லூரி மாணவர்

பதில்: குழு மறுத்தது சரி. மார்பை எவ்வளவு அழுத்த வேண்டும் என்பது மூளைக்குத் தெரிந்தால் போதாது, தோளுக்கும் மணிக்கட்டுக்கும் தெரிய வேண்டும். பொம்மையின் மேல் இரண்டு நிமிடம் விடாமல் அழுத்திப் பார்த்தவருக்குத்தான் எவ்வளவு விரைவில் கை ஓய்ந்துபோகிறது என்பது விளங்கும். ஆனால் உங்கள் உழைப்பு வீணல்ல. பாடப் பகுதியை இணையத்தில் முடித்துவிட்டுச் செய்முறைக்கு மட்டும் நேரில் வருவதைப் பல பயிற்சி அமைப்புகள் அனுமதிக்கின்றன. உங்கள் மதிப்பெண்ணைக் காட்டி, செய்முறையில் மட்டும் சேர்த்துக்கொள்ளும்படி கேளுங்கள். அதற்கும் மறுத்தால்தான் குழுவின் மீது தவறு.

கேள்வி: எங்கள் தன்னார்வலர் ஒருவரின் பணியிடச் சான்றிதழை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். அது மூன்று ஆண்டுக்குச் செல்லும். ஆனால் இரண்டரை ஆண்டு ஏற்கெனவே கழிந்துவிட்டது. நாங்கள் ஏற்ற நாளிலிருந்து மூன்று ஆண்டு என்று கணக்கிடலாமா?
— பயிற்சிப் பதிவேடுகளைப் பராமரிப்பவர்

பதில்: கூடாது. ஏற்பது என்பது புதுப்பிப்பது ஆகாது. மூலச் சான்றிதழ் எந்த நாளில் முடிகிறதோ அந்த நாளில்தான் நீங்கள் தந்த ஏற்பும் முடிகிறது. அவருக்கு இன்னும் ஆறு மாதம்தான் இருக்கிறது. அதற்குள் ஒரு முகாம் வருமானால், முகாமின் கடைசி நாள்வரை சான்றிதழ் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். முகாமின் நடுவில் காலாவதியாகும் சான்றிதழ்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

செல்லுபடிக் காலமும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. பிரிட்டனின் பணியிடச் சான்றிதழ்கள் 3 ஆண்டுகளுக்கும், அமெரிக்க இதயச் சங்கத்தின் உயிர்மீட்புச் சான்றிதழ் 2 ஆண்டுகளுக்கும் செல்லும். ஆஸ்திரேலியாவில் முதலுதவியை 3 ஆண்டுக்கு ஒரு முறையும் உயிர்மீட்பை மட்டும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப் பரிந்துரைக்கிறார்கள். ஆஸ்திரேலிய ஏற்பாடுதான் என் மனத்துக்கு நெருக்கமானது. உயிர்மீட்புத் திறன் பயிற்சிக்குப் பின் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்குகிறது என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. மூன்று ஆண்டுச் சான்றிதழ் கையில் இருக்கும்போதே, அது சொல்லும் திறன் கையை விட்டு நழுவியிருக்கக்கூடும். எனவே புதிதாகப் பயிற்சி பெற்றவர், முன்பே சான்றிதழ் உள்ளவர் என்ற பாகுபாடின்றி, குழுவின் அனைவரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒரு மாலை நேரம் பொம்மையோடு பழக வேண்டும். முன்பே தகுதி உள்ளவர்களைத் தனியாகப் பிரித்துச் சோதிக்கும் சங்கடமும் இதனால் தீர்கிறது.

முடிவு நாள் கடந்த சான்றிதழைப் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள். ஒரு மாதம் தாமதமானதற்காக ஒருவருக்குத் தெரிந்த அனைத்தும் மறந்துபோவதில்லை. ஆனால் பாடமும் மாறிக்கொண்டே இருக்கிறது. உயிர்மீட்புக்கான பன்னாட்டுத் தொடர்புக் குழு (ILCOR) 1992-இல் அமைந்தது முதல் உலகின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து வருகிறது; ஐந்தாண்டுக்கு ஒரு முறை வழிகாட்டுதல்கள் திருத்தப்படுகின்றன. 2005-க்கு முன் கற்றவர், பெரியவருக்கு 15 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்று கற்றிருப்பார். அந்த ஆண்டு முதல் அது 30-க்கு 2 ஆனது. மூச்சுக்குழல் அடைபட்ட பெரியவருக்கும் பிள்ளைக்கும் வயிற்றழுத்தத்தை மட்டும் கற்பித்து வந்த அமெரிக்க இதயச் சங்கம், 2025-இல் முதலில் முதுகில் 5 தட்டு, பிறகு வயிற்றில் 5 அழுத்தம் என்று மாறி மாறிச் செய்யச் சொல்லியிருக்கிறது. ஆகவே பழைய சான்றிதழைப் பார்க்கும்போது அது எந்த ஆண்டின் வழிகாட்டுதல்படி கற்பிக்கப்பட்டது என்பதையும் கேளுங்கள்.

கேள்வி: வேறு நாட்டில் பெற்ற முதலுதவிச் சான்றிதழுடன் ஒருவர் எங்கள் குழுவில் சேர்ந்திருக்கிறார். அது எங்களுக்குப் படிக்கத் தெரியாத மொழியில் இருக்கிறது. என்ன செய்வது?
— ஒரு குழுத் தலைவர்

பதில்: சான்றிதழை அவரையே மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்லுங்கள், வழங்கியவர் யார், எத்தனை மணி நேரம், செய்முறை உண்டா என்பன தெரிந்தால் போதும். செஞ்சிலுவைச் சங்கம், செம்பிறைச் சங்கம் போன்ற அறியப்பட்ட அமைப்பு வழங்கியதானால் தயக்கம் வேண்டாம். உயிர்மீட்பின் அடிப்படை எங்கும் ஒன்றுதான். மாறுவது அந்தந்த இடத்துக்கு உரியவை: எந்த எண்ணை அழைப்பது, இடத்தை எப்படி விவரிப்பது, அந்த நிலத்தில் என்னென்ன கடிக்கும் கொட்டும் என்பவை. ஆஸ்திரேலியாவில் பாம்புக் கடிக்குக் கை கால் முழுவதையும் அழுத்தக் கட்டுப் போட்டு அசையாமல் வைக்கக் கற்றுத் தருகிறார்கள். அங்குள்ள பாம்புகளின் நஞ்சு பெரும்பாலும் நரம்பைத் தாக்குவதால் அது பொருந்துகிறது. கடித்த இடத்திலேயே வீக்கமும் திசு அழிவும் உண்டாக்கும் விரியன் வகைகள் நிறைந்த இடங்களில் அதே கட்டைப் பல வழிகாட்டுதல்கள் பரிந்துரைப்பதில்லை. இத்தகைய ஓரிரு இடங்களில் மட்டும் அவருடைய பழக்கத்தைத் திருத்திக்கொடுங்கள்.

கேள்வி: எனக்கு 16 வயது. குழுவிலேயே வளர்ந்து முதலுதவிச் சான்றிதழும் பெற்றிருக்கிறேன். பெரியவர்கள் இல்லாமல் என்னையே முதலுதவியாளராகக் கணக்கில் எடுத்துக்கொள்வார்களா?
— ஒரு வாசகி

பதில்: உன் திறமையை ஏற்பார்கள், ஏற்க வேண்டும். ஆனால் ஒரு நிகழ்வில் பொறுப்பான முதலுதவியாளர் இத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற கணக்கில் உன்னைச் சேர்ப்பது முறையல்ல. ஒரு பிள்ளையின் நிலை மோசமாகும்போது முடிவெடுப்பதும் அதற்குப் பிறகு பதில் சொல்வதும் பெரியவரின் சுமை. அதை உன் தோளில் வைக்கும் உரிமை எங்களுக்கு இல்லை. அந்தப் பெரியவருக்குப் பக்கத்தில் கையுறை அணிந்து நிற்கும் இரண்டாவது ஆளாக இரு. உனக்கு 18 வயது நிறையும்போது அந்தச் சான்றிதழின் காலம் மீதமிருக்கிறதா என்று பார்த்துக்கொள். மீதமிருந்தால் புதிதாக எதையும் எழுதாமல் அப்படியே ஏற்கச் சொல்லிக் கேள்.

கேள்வி: சான்றிதழ்களை ஏற்றுக்கொண்டதற்கு எந்த ஆவணத்தை வைத்திருக்க வேண்டும்?
— அதே பதிவேடு பராமரிப்பவர்

பதில்: ஒருவருக்கு ஒரு பக்கம் போதும். சான்றிதழைப் பார்த்தவர் பெயர், பார்த்த நாள், வழங்கிய அமைப்பு, முடியும் நாள், எதை ஏற்றீர்கள், எதைக் கூடுதலாகக் கற்பித்தீர்கள், செய்முறையை யார் பார்த்தார் என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். நகல் வைத்துக்கொண்டால் பூட்டிய இடத்தில் வையுங்கள். குழுவின் வாட்ஸ்அப்பில் சான்றிதழ்ப் படங்களைப் பகிரச் சொல்வதை நிறுத்துங்கள், அவற்றில் பிறந்த நாளும் பதிவெண்ணும் இருக்கும். முடியும் நாளுக்கு மூன்று மாதம் முன்பே அவருக்கு நினைவூட்டல் போகும்படி நாட்காட்டியில் குறியுங்கள். அந்தப் பக்கத்தின் கடைசி வரியில், "எதைக் கேட்டால் தயங்குவீர்கள்?" என்று அவரிடமே கேட்டு, அவர் சொன்ன பதிலை அவர் சொன்னபடியே எழுதிவையுங்கள். அடுத்த செய்முறை மாலையை அந்த வரியிலிருந்து தொடங்கலாம்.